கலுங்கு தாண்டிய நாய்

எல்லை எழுதுவது என் தொழில். கேரளத்துப் பாறசாலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் கீழே, இரண்டு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் கொள்ளும் கடையில் உட்கார்ந்து பல வருடங்களாக ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறேன். நிலத்தை விற்கிறவரும் வாங்குகிறவரும் எத்தனை பேசினாலும் கடைசியில் நான் எழுதும் நான்கு வரிதான் நிற்கும். கிழக்கே இன்னாருடைய மதில், வடக்கே பஞ்சாயத்து ரோடு, மேற்கே ஓடை, தெற்கே இன்னாருடைய தென்னந்தோப்பு. இதில் ஒரு வரி பிசகினால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடும். நான் எழுதிய ஆதாரத்தை வைத்து இதுவரை யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் என் கணவர் அதிகம் பேசாததற்கு அதுவும் ஒரு காரணம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்க கத்தி முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்பார்.

எங்கள் சந்து ஒரு கலுங்கைத் தாண்டிப் போகிறது. பெரிய பாலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடைத் தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாய், மேலே இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அவ்வளவுதான். அதுவரை எங்கள் பஞ்சாயத்து. தாண்டினால் பக்கத்துப் பஞ்சாயத்து. அதையும் தாண்டிப் போனால் டவுணும் நகரசபையும். இந்தப் பக்கம் தார் போட்டால் சரியாகக் கலுங்கின் நடுவில் நிறுத்துவார்கள். வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு வாங்க வரும் பஞ்சாயத்துப் பெண்கள் கலுங்குச் சுவரில் சாக்கை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். ஒரே சந்து, ஒரே ஓடை, ஒரே பேச்சு. அங்கே கல்யாணம் என்றால் நாங்கள் போவோம், இங்கே சாவு என்றால் அவர்கள் வருவார்கள். ஆனால் ஒரு தெருவிளக்குப் பல்பு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு நாட்டுச் சமாச்சாரம்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. தொந்தரவு எதுவானாலும் கலுங்குக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் முடிந்தது. மதில் ஓரத்தில் பாம்பைப் பார்த்தால் கம்பால் தட்டித் தட்டிக் கலுங்கு வரை கொண்டுபோய் விடுவோம். குடித்துவிட்டு ரோட்டில் உருளுகிறவனைக் கைத்தாங்கலாக நடத்திப்போய் அந்தப் பக்கச் சுவரில் உட்கார்த்தி வைப்போம். செத்த பூனையும் அப்படித்தான். அங்கே போய்விட்டால் அது அவர்கள் மெம்பருக்கு வரும் போன். அவர்களும் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. அவர்கள் தொந்தரவுகள் எங்கள் பக்கம் வரும். இரண்டு பக்கத்துக்கும் இது தெரியும், யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை.

வார்டுகளைத் திரும்பப் பிரித்த சமயத்தில் எங்கள் சந்து வேறொரு வார்டுக்குப் போனது. வீட்டு எண் மாறியது. நகரசபை பெரிதாகப்போகிறது, சுற்றியுள்ள இடங்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லைப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனேன். கலுங்கின் வடக்குச் சுவரில் பாதி எழுத்து அழிந்த எல்லைக்கல் இருப்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதே கூட்டத்தில் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, தெருநாய்க்கு ஊசி போடுவதென்றால் நகரசபையும் இரண்டு பஞ்சாயத்தும் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்ய வேண்டும், தனித்தனியாகச் செய்தால் வீண் என்றார். டவுண் இறைச்சிக் கழிவு எங்கள் ஓடைக்கரைக்கு வருகிறது, அதன் பின்னால் நாய் வருகிறது, நாய்க்கு எல்லை தெரியாதே என்றார். "பட்டிக்குத் தெரியல்லேண்ணா நாம காட்டிக் குடுப்போம் சாரே" என்று நான் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேர்ந்து செய்வதாக எழுதி வைத்தார்கள். பிறகு மூன்று பேரும் மற்ற இரண்டு பேர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அந்த நாய் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு உள்ளே நின்று கையைக் காட்டித் தடுத்தார். ரோட்டின் நடுவில் நின்றது. செம்மண் நிறம், இடது காது நுனி கிழிந்து தொங்கியது, முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. நேராக நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழ்த்தாடை தொங்க, எச்சில் நூல் நூலாக வடிந்தது. எங்களைப் பார்த்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, பேப்பட்டி ஆக்கும். கண்ணப் பாருங்க" என்றார் அவர். வெறிநாயைத்தான் நாங்கள் பேப்பட்டி என்போம்.

"பேப்பட்டியோ என்னவோ, இங்க நிக்கப்பிடாது. பிள்ளைய பள்ளிக்குப் போற நேரம். கலுங்குக்கு அங்கோட்டு ஓட்டுங்க. பொறவு அவியளுக்க பாடு."

சொன்னது நான். அவர் ஒரு தென்னமட்டையை எடுத்தார். நான் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனோம். அது ஓடவில்லை, தள்ளாடித் தள்ளாடி நடந்தது. கலுங்கில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வளைவில் மறைந்தது. நான் எல்லைக்கல் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு அடி தாண்டவில்லை. எங்கள் சந்துப் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று மனம் லேசானது. கையை நன்றாகக் கழுவினேன், குடையை டெட்டால் விட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன், எட்டரைக்கு வேறொரு குடையுடன் கடைக்குப் போனேன். அப்போது தூங்கிக்கொண்டிருந்த கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அதோடு மறந்துவிட்டேன். இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அந்த மறதிதான்.

திங்கட்கிழமை கடையில் ஒரு பாகப்பிரிவினை ஆதாரம் தட்டிக்கொண்டிருந்தேன். போனில் படம் வந்தது. டவுண் பக்கத்தில் ஒரு கழிவுக் குழி ஓரம் செத்துக் கிடந்த நாய். சனிக்கிழமை செத்ததாம், பரிசோதனையில் வெறிநோய் உறுதியாகிவிட்டதாம், அந்தப் பகுதியில் அதைத் தொட்டவர்கள், கடிபட்டவர்கள், கீறல் பட்டவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று எழுதியிருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கினேன். கிழிந்த காது. வெள்ளை முன்னங்கால்.

 முதலில் என்னைப் பற்றித்தான் பயந்தேன், பொய் சொல்லக்கூடாது. கை, கால், முழங்கை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எதிர்வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கும் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட அதே மூச்சில் அந்த வளைவு ஞாபகம் வந்தது. டவுணில் மைக் வைத்து எச்சரித்தது டவுண் வார்டுகளில் மட்டும்தான். எங்கள் பக்கம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இருக்கும் அந்தப் பஞ்சாயத்தில், கலுங்குக்கு அப்புறம் இருக்கும் வீடுகளில், இந்த நாய் அந்த வழியாகப் போனது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அங்கே ஒரு பிள்ளைக்குச் சின்னதாக நகம் பட்டு, அதற்கென்ன என்று மஞ்சள் வைத்து விட்டிருந்தால்? அந்த நோய் வந்துவிட்டால் திரும்பி வரும் வழி கிடையாது. உயிரோடு இருக்கும்போதே தண்ணீர் தொண்டையில் இறங்காமல் துடித்துப் போவார்கள். பத்திரிகையில் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

எங்கள் வார்டு மெம்பருக்குப் போன் போட்டேன். நல்ல பெண்தான், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள்.

"நம்ம வார்டுல ஆருக்கும் கடி கிட்டல்லல்லா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஆனா அது கலுங்கு வழியா அங்கோட்டு போச்சு."

"அப்பம் அது அவியளுக்க காரியம். நாம இங்க கெடந்து சொன்னா, நீங்க எதுக்கு எங்க ஆளுகள பேடிப்பிக்கியண்ணு அவிய சண்டைக்கு வருவினும்."

பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போட்டேன். எடுத்தவர் மரியாதையாக மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வார்டு, யாருக்குக் கடி, புகார் கொடுப்பவர் யார், எந்த ஊர். கடைசியாக, நாய் அந்தச் சந்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. கணவருக்குப் போன் பண்ணிச் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். சொன்னால், நீ எதற்கு ஓட்டினாய் என்று அவர் கேட்கமாட்டார். கேட்காமல் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதற்குப் பயந்து பண்ணவில்லை. போகாமல் இருந்தால் என்ன என்றும் யோசித்தேன். நாய் பத்து வழியில் போயிருக்கலாம், யாரையும் தொடாமலும் போயிருக்கலாம். நான் போய்க் கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். ஆதாரம் எழுதுகிறவளுக்கு நம்பிக்கைதான் முதல். இவள் வெறிநாயை எங்கள் பிள்ளைகள் மேல் ஏவினாள் என்று ஒருவர் சொன்னால் போதும். இப்படியெல்லாம் நினைத்தேன். மூன்று மணிக்குக் கடையைப் பூட்டினேன். தைரியம் வந்து பூட்டவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவைக் கலுங்கில் நிறுத்தி இறங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எத்தனையோ தடவை போனவள், அன்றைக்குக் கால் எழவில்லை. முதல் வீட்டில் ஆளில்லை. இரண்டாவது வீட்டில் யாரும் நாயைப் பார்க்கவில்லை. வளைவு தாண்டி ஒருவர் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"வந்துது. நான் ஒரு மண்ணாங்கட்டி எடுத்து வீசினேன். அங்கோட்டு போச்சு" என்று மேட்டைக் காட்டினார். "எதுக்காக்கும்?"

"உங்க கிட்ட வந்துதா? நக்கிச்சா?"

"இல்லம்மா. பட்டி எனக்க கிட்ட வருமா!" என்று சிரித்தார். செத்த விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். "மேட்டுல தையல் தைக்கிற பிள்ளைக்க வீடு உண்டு. அங்க ஒரு சின்ன மோள் உண்டு. கேட்டுப் பாருங்க" என்றார்.

அந்த மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கர்த்தாவே, அந்த வீட்டில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வாய்விட்டே சொன்னேன்.

முன் அறையில் மெஷினில் உட்கார்ந்து ஒரு பெண் நைட்டிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பேச்சிலேயே கடற்கரைப் பக்கத்தில் பிறந்தவள் என்று தெரிந்தது. புருஷன் கடல் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"கடிக்கல்ல சேச்சி" என்றாள் அந்தப் பெண், கால் பெடலை நிறுத்தாமல். "மோள் பள்ளிக்கு எறங்கும்போ கேட்டுப் பக்கத்தில கெடந்துது. இவ தாண்டினப்பம் துள்ளி எழும்பி காலில நகம் கொண்டது. சின்னக் கீறல். மஞ்சளு வச்சேன், காஞ்சு போச்சு."

"ரெத்தம் வந்துதா?"

"ஒரு துளி."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "அந்தப் பட்டி செத்துப்போச்சு மக்கா. பேப்பட்டிண்ணு உறுதியாச்சு. இப்பமே ஊசி போடணும், நேரம் களையப்பிடாது" என்று சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். 

"இங்க ஆரும் சொல்லல்லியே. உங்களுக்கு எப்பிடித் தெரியும், அது இங்க வந்ததுண்ணு?"

"ஆளுகள் சொன்னாவ" என்றேன்.

குழாயடியில் சிறுமியை நிறுத்தி, துணி சோப்பை எடுத்து, அந்தக் கீறலை நான்தான் கழுவினேன். ஆடுசதையில் ஒரு விரல் நீளம், மேலே பொருக்குத் தட்டியிருந்தது. மூன்று நாள் கழித்துக் கழுவி என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. அந்தக் கால் என் கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. தாய் வீட்டைப் பூட்டக்கூட மறந்து, பாதி தைத்த நைட்டியைத் தோளில் போட்டபடியே ஆட்டோவில் ஏறினாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஞ்சாயத்துக்காரரும் வரலாம். ஒரே பெஞ்சில் இரண்டு பஞ்சாயத்து ஆட்களும் நகரசபை ஆட்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதும் இடத்தில் எந்தப் பஞ்சாயத்து என்று கேட்டார்கள், தாய் சொன்னாள். நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் வந்த கீறல் என்பதால் காயத்தைச் சுற்றியும் மருந்து போட வேண்டும் என்றார்கள். சிறுமி போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. கையில் ஒரு ஊசி, காலில் அங்கங்கே ஊசி, மறுபடி வர வேண்டிய நாட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சிறுமி தாய் மடியில் விசும்பி விசும்பித் தூங்கிப்போனாள். ஜன்னலில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது.

"சேச்சி" என்றாள் அவள். "உங்கள எனக்கு அறியாது. எங்க மெம்பர் வரல்ல. ஆபீசில இருந்து ஒருத்தரும் வரல்ல. அங்கத்த பஞ்சாயத்துக்காரி நீங்க வீடு வீடாக் கேட்டு வந்தியளே. மாதா உங்களக் காப்பாத்தும். ஞாயித்துக்கிழம கோயில்ல உங்களுக்காக ஒரு குர்பானைக்குச் சொல்லப் போறேன்."

 ஒரு நிமிஷம் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. குர்பானை என்ற அந்தப் பூசைக்கு என் பெயரைக் கேட்பாளே, அதைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் முடியவில்லை.

"பிள்ளே, அத உங்க பக்கம் ஓட்டிவிட்டது நானாக்கும்" என்றேன். "வாயில எச்சி வடியுதத பாத்திட்டுதான் ஓட்டினேன். கலுங்கு தாண்டட்டும்ணு. உங்க வீடு அங்க இருக்குதுண்ணு நான் நெனைக்கல்ல. ஒண்ணும் நெனைக்கல்ல."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் அடிக்கவில்லை. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்க வீட்டுக்காரரும் அதையாக்கும் செய்தாரு. அண்ணு கடலுக்குப் போவல்ல, வீட்டில இருந்தாரு. மோளுக்கக் கால்ல ரெத்தம் கண்ட உடனே துடுப்ப எடுத்திட்டு எறங்கினாரு. அடிச்சு வெரட்டி, கலுங்கு வரைக்கும் கொண்டுபோய், உங்க பக்கம் எறக்கி விட்டிட்டுதான் வந்தாரு. வந்த எடத்துக்கே போவட்டும்ணு."

எனக்கு முதலில் புரியவில்லை. "எங்க பக்கமா? எப்பம்?"

"ஒம்பது மணி இருக்கும்."

ஒன்பது மணிக்கு நான் சந்தில் இல்லை. எட்டரைக்கே போய்விட்டேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு அதிகம் பேர் இல்லை. கலுங்குக்கு அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் பக்கத்தில் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. என் வீட்டிலும் கேட்கவில்லை.

போனை எடுத்தேன்.  கணவர் எடுத்தார்.

"கேட்டியளா, வெள்ளிக்கிழம காலத்த, நான் போன பொறவு, காது கிழிஞ்ச பட்டி ஒண்ணு நம்ம பக்கம் வந்துதா?"

"வந்துது" என்றார். சாதாரணமாகச் சொன்னார். "நம்ம கெணத்துப் பக்கம் வந்து கெடந்துது. பாவம், அடிபட்டுக் கெடந்துது. தண்ணி வச்சேன். குடிக்க ஒக்கல்ல. தலையத் தாங்கிப் பிடிச்சுக் காட்டினேன்."

"பொறவு?"

"பொறவு என்ன, கையில பல்லு கொஞ்சம் உரஞ்சுது. கடிக்கல்ல. அதுக்குத் தெரியாம பட்டதாக்கும். அப்புறம் எழும்பிப் போயிட்டுது."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

 "நீ ஏசுவியேண்ணு" என்றார்.

மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தக் கையால்தான் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் அதைக் குடித்துக்கொண்டே பஞ்சாயத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.  என்ன பிள்ளே விஷயம், எங்க இருக்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாய் நீளம் என்று பெயரெடுத்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. அந்தப் பெண் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணா, நான் கலுங்குக்கு அந்தப் பக்கத்து ஆளாக்கும். பேடிக்காண்டாம். இப்பமே சோப்பு போட்டு அந்தக் கைய நல்லாக் கழுவுங்க. குழாயத் தெறந்து விட்டு ரெம்ப நேரம் கழுவணும். பொறவு ஒரு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வாருங்க. சேச்சி இங்க உண்டு. நானும் நிக்கேன்."

அவள் நின்றாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் வந்து, சீட்டு எழுதி, ஊசி போட்டு முடியும்வரை நின்றாள். மறுநாள் அவளும் நானுமாகக் கலுங்கின் இரண்டு பக்கத்திலும் எல்லா வீட்டிலும் கேட்டோம். நாய் கிட்டே போனதாகச் சொன்ன ஒரு வீட்டுக் கன்றுக்குட்டியைக் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னோம். இரண்டு மெம்பர்களும் வந்தார்கள். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று, யார் செலவு என்று பேசாமல், முதல் தடவையாகக் கலுங்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு நிம்மதி வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை.

இரண்டு பேருக்கும் எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. டாக்டர் இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். படித்தவர் சொன்னால் கேட்க வேண்டும், கேட்கிறேன். ஆனாலும் மாதங்கள் கழித்தும் அந்த நோய் வந்ததாக யாரோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் அவர் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பேன். அவருக்கு ஏன் என்று தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார்.

அப்போது போன் அடிக்கும். தினமும் அந்த நேரத்துக்கு அடிக்கும்.

"குடிச்சாரா சேச்சி?" என்று அவள் கேட்பாள்.

"குடிச்சாரு" என்பேன். பிறகு நான் கேட்பேன். "மோள்?"